தீவுக்குச் செல்லும் வழி
பீசாங் தீவும் பத்து பூத்தேயும் கற்பிக்கும் வரலாற்றுப் பாடம்



நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரே ஒரு கடற்பயணத்தின் கதை. 'பெக்கான்' என்பது மலாய் மொழியில் சிறுநகரைக் குறிக்கும்; 'நானாஸ்' என்பது அன்னாசிப் பழம். தென்னமெரிக்கப் பழங்குடியினர் அப்பழத்துக்கு இட்ட பெயரைப் போர்த்துகீசிய மாலுமிகள் கேட்டு, தம் நாவுக்கேற்ப 'அனனாஸ்' என வழங்கினர். அவர்களுடைய கப்பல்களோடு பழமும் பெயரும் கீழைக் கடலுக்கு வந்தன. மலாய் மொழியில் அது 'நானாஸ்' ஆயிற்று. தமிழில் 'அன்னாசி' ஆயிற்று. உலகின் மறுபுறத்திலிருந்து வந்த ஒரு சொல், இவ்வூர்ப் பெயரிலும் நம் வீட்டுப் பேச்சிலும் இன்று உறவுச்சொல்லாய் நிற்கிறது.

அன்னாசிப் பெயர் தாங்கிய இவ்வூரிலிருந்து மேற்கே சென்றால் பொந்தியான் கடற்கரை. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து நோக்கினால் நீலநிறக் குன்றொன்று நீருக்குமேல் எழுந்து நிற்பதைக் காணலாம். அதன் பெயர் பூலாவ் பீசாங்; தமிழில் சொன்னால் வாழைத்தீவு. இரவில் அக்குன்றின் உச்சியில் ஒரு கலங்கரை விளக்கம் ஒளிர்கிறது. தீவு மலேசியாவுக்கு உரியது. விளக்கத்தை இயக்குவது சிங்கப்பூர். இது எவ்வாறு நேர்ந்தது என்னும் வினாவே இவ்வுரையின் தொடக்கம்.

தொலைதூரத் தீவொன்றின் வரலாற்றை அதன் மண்ணில் மட்டும் தேடினால் கிடைக்காது. அத்தீவுக்கு யார் போனார், எவ்வழியே போனார், யாரிடம் ஒப்புதல் பெற்றுப் போனார், அவ்வொப்புதல் எங்கே எழுதப்பட்டது என்னும் நான்கு வினாக்களில்தான் அது கிடைக்கும். இரு தீவுகளை ஒப்பிட்டு இதனை விளக்க முயல்கிறேன்.

1. வழியறிந்தோர்

மலாக்கா நீரிணையில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். பொந்தியான் கரையோரம் பெரிதும் சேற்றுநிலமும் அலையாத்திக் காடும் ஆகும். நீர் வற்றிய வேளையில் கரை நெடுந்தொலைவு சேறாய் விரியும், படகு தரைதட்டும். ஆதலால் இக்கடலில் பயணநேரத்தைக் கடிகாரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஓதமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அருகிலுள்ள கூக்கூப் தீவு இதற்குச் சிறந்த சான்று. ஏறத்தாழ 647 எக்டர் பரப்புள்ள அத்தீவு முழுவதும் அலையாத்திக் காடு, குன்றில்லை, குடியில்லை. 1997இல் அது ஜொகூர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2003இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே நடப்பதற்கு அமைந்தது சேற்றுக்குமேல் இட்ட பலகைப் பாதையே.

பாதையும் பலகையும் இல்லாத காலத்தில் இக்கடலை அறிந்திருந்தோர் 'ஓராங் லாவுட்' எனப்படும் கடல்மக்கள். படகே அவர்களுக்கு வீடு. மீன்பிடித்தனர், கப்பல்களுக்கு வழிகாட்டினர், மலாக்கா, ஜொகூர் ஆட்சியாளர்களுக்குக் கடற்படையாய் நின்றனர், சில காலங்களில் கப்பல்களைக் கொள்ளையிடவும் செய்தனர். எந்தப் பாறை எந்த நீர்மட்டத்தில் மறையும், எந்தக் காற்றில் எந்தத் தீவின் மறைவில் ஒதுங்கலாம் என்பதையெல்லாம் நினைவில் வைத்திருந்தனர், ஏட்டில் எழுதவில்லை. அந்நினைவு பிற்காலத்தில் ஒரு நீதிமன்றத்தில் சான்றாக நின்றதைப் பின்னர்க் காண்போம்.

எழுதிவைத்தோரும் இருந்தனர். செங் ஹோவின் கடற்பயணங்களோடு தொடர்புடைய பழைய சீனக் கடல்வரைபடத்தில் பீசாங் தீவும், சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் உள்ள வெண்பாறையும் குறிக்கப்பட்டிருப்பதாக ஆய்வாளர் அடையாளம் காண்கின்றனர். இரண்டும் ஒரே நீர்வழியின் இரு வாயிற்கற்கள் போன்றவை. மேற்கிலிருந்து வரும் மாலுமிக்குப் பீசாங் குன்று நீரிணை தொடங்குவதை அறிவிக்கும். வெண்பாறை அது முடிந்து தென்சீனக் கடல் விரிவதை அறிவிக்கும்.

தமிழர்க்கும் இவ்வழி புதிதன்று. மலாய் மொழியின் 'கப்பால்' என்னும் சொல் நம் 'கப்பல்' தந்ததே. 1025இல் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரம் முதலிய துறைகளைத் தாக்கியது. 'கலங்கரை விளக்கம்' என்னும் சொல் சிலப்பதிகாரத்தில் உள்ளது; துறைமுகத்து உயர்மாடத்தில் இரவில் ஏற்றிய சுடரைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. 'கரைதல்' என்றால் அழைத்தல். கலங்களைக் கரையும் விளக்கம், அதாவது கப்பல்களைத் தன்பால் கூவி அழைக்கும் ஒளி, என்பதே அச்சொல்லின் பொருள். ஒளிக்குக் குரல் கொடுத்த சொல் அது.

2. விளக்கேற்றியோர்

1819இல் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் வணிகத்தளம் அமைத்தபின் நீரிணையில் கப்பல்கள் பெருகின, விபத்துகளும் பெருகின. 1824 மார்ச்சில் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் இப்பகுதியைத் தமக்குள் செல்வாக்கு எல்லைகளாகப் பிரித்துக்கொண்டனர். அதே ஆண்டு ஆகஸ்டில் சுல்தான் உசேனும் தெமெங்கோங்கும் சிங்கப்பூரையும் அதன் கரையிலிருந்து 10 மைலுக்குள் அமைந்த தீவுகளையும் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தனர். பீசாங் தீவு அந்த 10 மைல் எல்லைக்கு வெளியே; கிழக்கிலுள்ள வெண்பாறையும் வெளியே. இந்த அளவை நினைவில் கொள்ளுங்கள்.

முதல் விளக்கம் கிழக்கு வாயிலில் எழுந்தது. அவ்வெண்பாறையைப் போர்த்துகீசியர் 'பெட்ரா பிராங்கா' என்றனர்; மலாய் மக்கள் 'பத்து பூத்தே' என்றனர்; இரண்டுக்கும் பொருள் வெண்பாறையே. கடற்பறவைகளின் எச்சத்தால் வெளுத்த அப்பாறை 137 மீட்டர் நீளம், சராசரியாக 60 மீட்டர் அகலம் உடையது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல்வரைவாளர் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் 1836இல் மறைந்தபோது, அவர் நினைவாக வணிகர்கள் பொருள் திரட்டினர். அரசு நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சனின் பொறுப்பில் 1850இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1851இல் விளக்கு ஏற்றப்பட்டது. பூலாவ் ஊபின் தீவிலிருந்து கருங்கல் வெட்டிக் கடல்வழியே கொண்டுசெல்லப்பட்டது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பாறையில் கால்வைக்கவே இயலாது, பணி நின்றது. கடல் இடம்கொடுத்த மாதங்களில் மட்டுமே கோபுரம் வளர்ந்தது.

அடுத்து, சிங்கப்பூருக்குத் தென்மேற்கே ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் 1854, 1855ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்டது. இதில் நம் கவனத்துக்குரிய செய்தி ஒன்றுண்டு. இந்தியாவிலிருந்து தண்டனை பெற்று நாடுகடத்தப்பட்ட கைதிகள் 1825 முதல் சிங்கப்பூரில் இருத்தப்பட்டனர். வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணத்தவரும் அவர்களுள் இருந்தனர். ராஃபிள்ஸ் விளக்கத்துக்குக் கல்லுடைத்தவர்கள் அவர்களே. தாம் ஏறிவந்த கப்பலில் திரும்பிப்போக இயலாதவர்கள், பிறருடைய கப்பல்கள் வழிதவறாமல் போவதற்கான விளக்கை எழுப்பினார்கள். அக்கோபுரத்தின் பெயரில் அவர்கள் இல்லை, கல்லில் இருக்கிறார்கள்.

மேற்கு வாயிலில் பீசாங் தீவின் விளக்கம் 1886இல் அமைந்தது. அப்போது ஜொகூரை ஆண்டவர் சுல்தான் அபு பக்கார். படகில் கரைசேர்ந்தபின், காட்டினூடே குன்றின்மீது ஏறும் பாதை ஒன்று விளக்கத்துக்குச் செல்கிறது. உணவும் எரிபொருளும் பிற பொருளும் கடல்வழியே வந்து, அப்பாதைவழியே மேலேறின. ஒரு படகுத்துறை, ஒரு பாதை, ஓர் உச்சி: விளக்கக் காவலருக்கு அத்தீவு என்பது இம்மூன்றே.

பினாங்கிலிருந்தும் கிள்ளான் துறையிலிருந்தும் சிங்கப்பூர் செல்லும் கப்பல்களுக்கு இந்நீரிணையே வழி. 1926இல் கட்டப்பட்டு, சென்னையையும் நாகப்பட்டினத்தையும் மலாயாவோடு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்காலம் இணைத்த 'ரஜூலா' கப்பலும் சிங்கப்பூரை நோக்கி இவ்வழியேதான் சென்றது. அதன் மேல்தளத்தில் பாய்விரித்துக் கிடந்த நம் முன்னோருள் சிலரேனும் இரவில் கண்விழித்து இந்த ஒளியைக் கண்டிருப்பர். அதன் பெயரை அறிந்திருக்கமாட்டார்.

3. ஒரு பத்திரமும் ஒரு பாதையும்

விளக்கம் எழுந்து 14 ஆண்டுகள் கழித்து, 1900 அக்டோபர் 6ஆம் நாள், ஜொகூர் சுல்தான் இப்ராகிமுக்கும் ஆங்கிலேய நீரிணைக் குடியேற்ற அரசுக்கும் இடையே ஓர் ஒப்பந்தப் பத்திரம் எழுதப்பட்டது. பீசாங் தீவில் விளக்கம் நிற்கும் நிலத்துண்டும், அதற்குச் செல்லும் பாதையும் விளக்கத்தின் தேவைக்காக வழங்கப்பட்டன. விளக்கம் இயங்கும்வரை அவ்வுரிமை நிலைக்கும். தீவின்மேல் ஜொகூருக்கு உள்ள இறையாண்மை மாறாது.

இப்பத்திரத்தில் தீவு வழங்கப்படவில்லை என்பதைக் கூர்ந்து நோக்குங்கள். நிற்கும் இடமும் நடக்கும் வழியும் மட்டுமே வழங்கப்பட்டன. பாதையைப் பெயர் சொல்லிக் குறித்ததனாலேயே, பாதைக்கு இருபுறமும் உள்ள நிலம் யாருடையது என்பதில் ஐயம் எழவில்லை. கொடுத்தது இவ்வளவு என்று வரையறுத்ததே கொடாததைக் காத்தது.

இப்போது கிழக்கு வாயிலுக்குத் திரும்புவோம். 1844இல் ஆங்கிலேய ஆளுநர் பட்டர்வொர்த் விளக்கம் அமைக்க ஒப்புதல் கேட்டிருந்தார். சுல்தானும் தெமெங்கோங்கும் அவ்வாண்டு நவம்பர் 25ஆம் நாள் இசைவு தெரிவித்துக் கடிதம் எழுதினர். அன்று பேசப்பட்ட இடம் ஜொகூர்க் கரையருகே இருந்த வேறொரு பாறை. பின்னர்த் தெரிவானது பத்து பூத்தே. அந்தப் பழைய இசைவு இந்தப் பாறைக்கும் பொருந்துமா, பொருந்தினால் கொடுத்தது இடத்தையா, உரிமையையா? எந்தப் பத்திரமும் விடை கூறவில்லை.

நூறாண்டு கழிந்தது. 1953 ஜூன் 12ஆம் நாள், தன் கடல் எல்லையை வரையறுக்க விரும்பிய சிங்கப்பூர்க் குடியேற்ற அரசின் சார்பில் ஹைகாம் என்னும் அதிகாரி ஜொகூருக்கு ஒரு கடிதம் எழுதினார். பீசாங் தீவைப் பொறுத்தவரை 1900ஆம் ஆண்டுப் பத்திரம் ஜொகூர்ப் பத்திரப் பதிவகத்தில் உள்ளது. ஆகவே அதன் நிலை தெளிவு. பத்து பூத்தேயின் நிலையை விளக்கும் ஆவணம் ஏதேனும் உண்டா என்பது அக்கடிதத்தின் சாரம். செப்டம்பர் 21ஆம் நாள் ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் விடை எழுதினார்: அப்பாறைக்கு ஜொகூர் அரசு உடைமை கோரவில்லை.

ஒரே கடிதத்தில் இரு தீவுகள். ஒன்றின் பெயருக்கு எதிரே ஒரு பத்திரம் இருந்தது. மற்றதன் பெயருக்கு எதிரே வெற்றிடம் இருந்தது.

4. கொடியும் பெயர்ப்பட்டியலும்

வெற்றிடத்தை நடத்தை நிரப்பும். 1968இல் பீசாங் விளக்கத்தில் பறந்த சிங்கப்பூர்க் கொடியை இறக்குமாறு மலேசியா கேட்டது, சிங்கப்பூர் இறக்கியது. பத்து பூத்தேயிலும் சிங்கப்பூர்க் கொடி பறந்தது. அதனை இறக்குமாறு மலேசியா கேட்கவில்லை. 1974இல் கடலளவைப் பணிக்காக அப்பாறையில் தங்கவிருந்த மலேசியக் குழுவினரின் பெயர், கடவுச்சீட்டு முதலிய விவரங்களைச் சிங்கப்பூர் கேட்டது. மலேசியத் தரப்பு அனுப்பியது. வீட்டுக்காரரே தம் வீட்டு வாயிலில் பெயர் எழுதிக் கொடுத்து உள்ளே செல்வதுபோல் அது பின்னாளில் தோன்றியது.

1979இல் மலேசியா வெளியிட்ட வரைபடம் பாறையைத் தன் எல்லைக்குள் காட்டியது. 1980 பிப்ரவரியில் சிங்கப்பூர் மறுப்புத் தெரிவித்தது. வழக்கு அனைத்துலக நீதிமன்றத்தை அடைந்து, 2008 மே 23ஆம் நாள் தீர்ப்பு வந்தது. பத்து பூத்தே சிங்கப்பூருக்கு உரியது என்று 12 நீதிபதிகள் வாக்களித்தனர். 4 பேர் மாறுபட்டனர். அருகிலுள்ள நடுப்பாறைகள் 15க்கு 1 என்ற வாக்கில் மலேசியாவுக்கு உரியனவாயின.

தீர்ப்பின் ஒரு பகுதியைப் பலர் மறந்துவிடுகின்றனர். தொடக்கத்தில் அப்பாறை ஜொகூருக்கே உரியது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதற்கு அது கொண்ட சான்றுகளுள் ஒன்று, ஓராங் லாவுட் மக்கள் அக்கடற்பகுதியில் மீன்பிடித்தும் திரிந்தும் வாழ்ந்ததும், அவர்கள் ஜொகூர் சுல்தானுக்குக் கட்டுப்பட்டிருந்ததும் ஆகும். ஏட்டில் எழுதாத அம்மக்களின் படகுவழிகளே ஓர் அரசின் மூல உரிமைக்குச் சான்றாயின. அவ்வுரிமை 1980க்குள் சிங்கப்பூருக்குச் சென்றுவிட்டது என்பதே நீதிமன்றத்தின் முடிவு. 1953ஆம் ஆண்டுக் கடிதம், கொடி, பயண ஒப்புதல் ஆகியவை அம்முடிவுக்கு அடிப்படையாய் அமைந்தவற்றுள் அடங்கும். 2017இல் மலேசியா மறுஆய்வு கோரி விண்ணப்பித்து, 2018இல் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'பத்திரம் இருந்தது, வென்றது. பத்திரம் இல்லை, தோற்றது' என்று மாணவர் இதனைச் சுருக்கிவிடலாகாது. பத்து பூத்தே வழக்கில் எழுத்தும் இருந்தது: 1953ஆம் ஆண்டு விடை எழுத்தே, அதுவே ஜொகூருக்கு எதிராகப் பேசியது. எழுதுவது மட்டும் போதாது. அறிந்து எழுத வேண்டும். மூதாதையர் எதை உடைமையாய் ஆண்டனர் என்று தேடிப்பார்த்தபின் எழுத வேண்டும். எழுதாதோரின் நினைவையும் உரிய காலத்தில் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும்.

5. நம் கரைக்குத் திரும்புதல்

இவ்வரலாறு அரசுகளுக்கு மட்டும் உரியதா? மலேசியத் தமிழர்க்கு இது மிக அருகிலுள்ள பாடம். தோட்டப்புறங்களில் தோன்றிய நம் தமிழ்ப்பள்ளிகள் பலவும் தோட்ட நிருவாகத்தின் நிலத்தில், வாய்மொழி இசைவின்பேரில் எழுந்தவை. தோட்டம் இருந்தவரை யாரும் நிலம் யாருடையது என்று கேட்கவில்லை. தோட்டம் கைமாறியபோதும், ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் குடியிருப்புகள் எழுந்தபோதும் அவ்வினா எழுந்தது. பள்ளி நிற்கும் இடம் பள்ளியின் உடைமையாக இல்லாத காரணத்தால், இன்றும் பல தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருக்கின்றன. கோயில்களும் இடுகாடுகளும் இதே நிலையைச் சந்தித்துள்ளன.

1900ஆம் ஆண்டுப் பத்திரம் பள்ளிக்கு எவ்வாறு பொருந்தும்? நிற்கும் இடம் மட்டுமன்று, அதற்குச் செல்லும் பாதையும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதை அது கற்பிக்கிறது. கட்டடம் நம்முடையதாயிருந்து, பாதை பிறருடையதானால், வாயில் ஒருநாள் அடைபடலாம். விளக்கம் கட்டியோர் இதனை உணர்ந்திருந்தனர். ஆகவேதான் குன்றுச்சியோடு நில்லாமல் கரைவரைக்கும் உள்ள வழியையும் கேட்டுப் பெற்றனர்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைப் பணியாக மாற்றலாம். ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்தின் மூத்தவர் ஒருவரிடம் நான்கு வினாக்களைக் கேட்டு எழுதிவரட்டும்: நம்மவர் இவ்வூருக்கு முதலில் வந்தவர் யார்? எவ்வழியே வந்தார்? யார் அழைத்து வந்தார்? அதனைக் காட்டும் தாள் ஏதேனும் வீட்டில் உண்டா? பழைய கடவுச்சீட்டு, சம்பள அட்டை, பள்ளிச் சான்றிதழ், நிழற்படம் எதுவாயினும் படியெடுத்துப் பள்ளி நூலகத்தில் ஒரு கோப்பில் வைக்கட்டும். தாள் இல்லையெனில் மூத்தவரின் சொல்லையே நாளும் பெயரும் இட்டு எழுதிவைக்கட்டும். ஓராங் லாவுட் மக்களின் படகுவழிகள் சான்றானதை நினைவில் கொள்ளட்டும். பத்து ஆண்டுகளில் அக்கோப்பு இவ்வட்டாரத் தமிழரின் வரலாறாய் வளர்ந்திருக்கும்.

மாணவர்களே, பொந்தியான் கரையில் ஒரு மாலை நின்று, இருட்டியபின் மேற்கே நோக்குங்கள். பீசாங் குன்றின் ஒளி கப்பல்களைக் கரைவதைக் காண்பீர்கள். அவ்வொளிக்குப் பின்னால் ஒரு பாதை இருக்கிறது. அப்பாதைக்குப் பின்னால் ஒரு தாள் இருக்கிறது. மறுநாள் பள்ளிக்கு வந்ததும் தலைமையாசிரியரிடம் பணிவோடு ஒரு வினாக் கேளுங்கள்: "நம் பள்ளி நிற்கும் நிலத்தின் பத்திரம் எங்கே இருக்கிறது, ஐயா?"